காகிதப் பூவின் நடுவில் பட்டன்: எந்தப் பூவுக்கு, எப்படி?

கேள்வி: தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மேஜைகளில் வைக்கக் காகிதப் பூங்கொத்து செய்யலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். அம்மாவின் தையல் டப்பாவில் பழைய பட்டன்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பூவின் நடுவில் வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் செய்து முடித்தால் பூ மாதிரியே இல்லை, சட்டையில் குத்தும் பேட்ஜ் மாதிரி தட்டையாக இருக்கிறது. இரண்டு நாளில் பட்டனும் கழன்று விழுகிறது. எந்தப் பேப்பர் வாங்க வேண்டும், என்ன பசை போட வேண்டும்?

பதில்:

பேப்பருக்கும் பசைக்கும் அப்புறம் வருகிறேன். முதலில், நீங்கள் செய்வது எந்தப் பூ? கேள்வியில் பூவின் பெயரே இல்லை. ஐந்தாறு இதழை வெட்டி வட்டமாக ஒட்டி நடுவில் ஒரு பட்டனை வைப்பதுதான் பெரும்பாலானவர்கள் தொடங்கும் விதம். அப்படி ஒட்டினால் எந்தச் செடியின் பூ என்று சொல்ல முடியாத ஒன்றுதான் வரும். பார்ப்பவர்கள் கண்ணில் அது பூவாகப் படாமல் பூவின் அடையாளமாக மட்டும் படுகிறது. பேட்ஜ் மாதிரி தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். பேப்பரை மாற்றினாலும் இது மாறாது.

பட்டன் தட்டையானது, வட்டமானது, கெட்டியானது. நிஜப் பூவின் நடுவில் அப்படி ஒரு தட்டு இருந்தால் மட்டும்தான் பட்டன் அங்கே போய் உட்காரும். சூரியகாந்தி, ஜெர்பரா, காஸ்மாஸ், ஒற்றை அடுக்கு ஜினியா, டெய்சி எல்லாம் அந்த வகை. இவை ஒரே குடும்பம். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நிறையச் சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. நடுத்தட்டில் குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஓரத்தில் இதழ் என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் தனிப் பூ. பட்டன் நிற்க வேண்டியது அந்த நடுத்தட்டின் இடத்தில். மாலையில் கட்டும் சாமந்திக்கு இது சரிப்படாது, அடுக்கு இதழ்கள் நடுவை மூடிவிடும். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி எதற்கும் பட்டன் வேண்டாம். ரோஜாவுக்கு நடுவே தெரியாது. செம்பருத்திக்கு நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டு வெளியே வரும், அங்கே பட்டனை வைத்தால் பூவே பொய்யாகிவிடும். நித்தியகல்யாணிக்கு ஐந்து இதழ், நடுவில் சின்னதாக ஒரு கண். சட்டைக் காலரில் வரும் மிகச் சிறிய பட்டன் அதற்குப் போதும்.

தாமரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் அதிகம் செய்வதில்லை. தாமரையின் நடுவில் பொகுட்டு இருக்கிறது. மேல்பக்கம் தட்டை, அதில் சின்னச் சின்னக் குழிகள். இளமஞ்சளிலோ வெளிர்பச்சையிலோ நான்கு ஓட்டைப் பட்டன் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தப் பொகுட்டேதான். அதைச் சுற்றி மஞ்சள் கிரேப் பேப்பரை, அதாவது தோரணம் கட்டும் சுருக்கக் காகிதத்தை, மெல்லிய இழைகளாக வெட்டி மகரந்தக் காம்புகளாக நிறுத்தி, வெளியே குழிந்த இளஞ்சிவப்பு இதழ்களை மூன்று நான்கு வரிசை வைத்தால் போதும். பட்டனின் ஓட்டைகளை மறைக்க வேண்டிய வேலையே இல்லாத ஒரே பூ எனக்குத் தெரிந்து இதுதான்.

எந்தப் பூ என்று முடிவு செய்ததும் அந்தப் பூவில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். படம் பார்ப்பது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. ஜெர்பரா ஒரு தண்டு எந்தப் பூக்கடையிலும் கிடைக்கும். ஓசூர் பக்கம் பசுமைக்குடில்களில் வளர்த்துத் திருமண மேடைகளுக்கு அனுப்புகிறார்களே, அதே பூதான். வெளி இதழ் ஒன்றைப் பிய்த்து ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதற்கு உள்ளே குட்டையாக இன்னொரு வளையம் இருப்பதைக் கவனியுங்கள். நடுத்தட்டுக்கும் நீள இதழுக்கும் நடுவே பாலம் போடுவது அந்தக் குட்டை வளையம்தான். நீங்கள் செய்த பூவில் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். பட்டனின் பளபள ஓரம் நேராக இதழில் போய் முட்டினால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகவே தெரியும்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி 1772-ல், தம் 72-ஆவது வயதில், காகிதத்தில் பூ செய்யத் தொடங்கினார். ஒரு ஜெரேனியம் இதழின் நிறமும் பக்கத்தில் கிடந்த சிவப்புக் காகிதத் துண்டின் நிறமும் ஒன்றாக இருந்தது கண்ணில் பட்டதுதான் தொடக்கம். அதன் பிறகு நிஜச் செடியை எதிரில் வைத்துக்கொண்டு, வண்ணக் காகிதத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டி, கண்பார்வை மங்கும்வரை ஏறக்குறைய ஆயிரம் பூக்களைச் செய்தார். 985 படங்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவருடையவை தட்டையாக ஒட்டிய படங்கள், நாம் செய்வது கம்பியில் நிற்கும் பூ. ஆனாலும் இணையத்தில் அவற்றை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இதழில் நிழல் விழும் இடத்துக்கு ஒரு துண்டு, வெளிச்சம் படும் இடத்துக்கு ஒரு துண்டு, நரம்புக்குத் தனியாக ஒரு கீற்று என்று ஒட்டியிருப்பார். ஒரு பூவுக்கு ஒரு சிவப்பு போதாது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நீங்களும் ஜெர்பராவுக்கு இரண்டு நெருங்கிய நிறங்களை வாங்குங்கள். வெளி வரிசைக்கு ஆரஞ்சு என்றால் உள் வரிசைக்குக் கொஞ்சம் அடர்ந்த ஆரஞ்சு.

சரி, பட்டன் அளவு. தையல் சாமான் கடையில் பட்டன் அட்டையில் 18 எல், 24 எல் என்று போட்டிருக்கும். 40 எல் என்றால் ஓர் அங்குலம். அந்தக் கணக்கில் சட்டையில் முன்பக்கம் வரும் 18 எல் பட்டன் சுமார் 11 மில்லிமீட்டர், 24 எல் 15 மில்லிமீட்டர், கோட்டில் வரும் 32 எல் 20 மில்லிமீட்டர். பட்டனின் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு பூவின் விட்டம் இருந்தால் ஜெர்பராவும் டெய்சியும் சரியாக வரும். சூரியகாந்திக்கு நடுத்தட்டு பெரியது, இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கே போதும். உங்கள் டப்பாவில் பெரும்பாலும் சட்டைப் பட்டன்தான் இருக்கும். அவற்றை வைத்து ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் குட்டி டெய்சிகளும் காஸ்மாஸும் செய்யலாம். அதே பட்டனை வைத்துப் பெரிய பூ செய்யப் போனால் நடுவில் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருக்கும். காஸ்மாஸுக்கு எட்டே இதழ், நுனியில் லேசான பல். மஞ்சள் பட்டன். முதல்முறை செய்பவர்களுக்கு இதைவிட எளிய பூ இல்லை.

நிறத்தில் அவசரம் வேண்டாம். வெள்ளைச் சட்டைப் பட்டனை அப்படியே வைத்தால் சட்டைப் பட்டனாகத்தான் தெரியும். ஓட்டைகளில் கடுகு மஞ்சள் எம்பிராய்டரி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டால் மகரந்தம் படிந்த மாதிரி ஆகிவிடும். கொட்டாங்கச்சியில் செய்த பழுப்புப் பட்டன் கிடைத்தால் அதைச் சூரியகாந்திக்கு எடுத்து வையுங்கள், அதன் சொரசொரப்பு பிளாஸ்டிக்கில் வராது. நிச்சயதார்த்தம் என்பதால் இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. பிளவுஸுக்குத் துணி போர்த்திய பட்டன் போட்டுத் தரும் டெய்லர்கள் இருக்கிறார்கள். தங்கையின் பிளவுஸ் துணியில் மிச்சம் இருந்தால் கொடுத்து, பத்துப் பதினைந்து பட்டன் போர்த்தி வாங்குங்கள். மேடைக்கு அருகில் வைக்கும் கொத்துக்கு மட்டும் அவற்றை நடுவில் வைத்தால் புடவையும் பூவும் ஒன்றோடொன்று பேசும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் வளையம் இருக்கும், கம்பி கோர்க்கவும் வசதி.

இப்போது பேப்பர். உங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் மடிப்பாக விற்கும் கிரேப் பேப்பர், பள்ளி ஆண்டுவிழாவில் தோரணம் கட்டுவது, மெல்லியது. அப்படியே பயன்படுத்தினால் இதழ் துவண்டுவிடும். பூ வேலைக்கென்று இத்தாலியிலும் ஜெர்மனியிலும் செய்யும் தடித்த கிரேப் பேப்பர் இருக்கிறது. இத்தாலிய ரகம் 180 கிராம், அதாவது ஒரு சதுர மீட்டர் எடை அவ்வளவு. இணையத்தில் வாங்கலாம், விலை அதிகம். மேஜைக்கு மேஜை கொத்து வைக்க அதை வாங்கச் சொல்ல மாட்டேன். மெல்லிய கிரேப்பையே இரண்டு அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கிரேப் பேப்பரின் சாயம் ஈரம் பட்டால் கரைந்து ஓடும். பசையை அப்படியே பழைய ஏ.டி.எம். கார்டால் மிக மெல்லிசாக இழுத்துத் தடவி, மேலே இன்னோர் அடுக்கை வைத்து, கையால் நீவி, நிழலில் காயவிடுங்கள். இரண்டு அடுக்கின் சுருக்கக் கோடுகளும் ஒரே திசையில் ஓட வேண்டும். காய்ந்ததும் இதழ் நிற்கும் அளவுக்கு விறைப்பு வந்துவிடும். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் வைத்தால் இதழின் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். நிஜப் பூக்களிலும் பல அப்படித்தானே?

கிரேப் பேப்பரில் ஓடும் அந்தச் சுருக்கக் கோடுகள்தான் இந்த வேலைக்கு அடிப்படை. கோட்டின் நீளவாக்கில் இழுத்தால் பேப்பர் கொடுக்காது, குறுக்கே இழுத்தால் விரியும். அதனால் இதழை வெட்டும்போது கோடுகள் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலையும் இதழின் நடுவில் வைத்து வெளிப்பக்கம் மெதுவாக இழுத்தால் அந்த இடம் மட்டும் குழியும், ஓரங்கள் அப்படியே நிற்கும். தட்டையான இதழ் பூவிதழாக மாறுவது அந்த ஒரு இழுப்பில்தான். கோடுகள் குறுக்கே ஓடினால் எவ்வளவு முயன்றாலும் இதழ் நீளும், குழியாது. உங்கள் பூ தட்டையாக இருப்பதற்கு இரண்டாவது காரணம் இதுவாக இருக்கலாம்.

சாதாரணக் கலர் பேப்பருக்கும் இழை ஓட்டம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், இன்னொரு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் இழை. இதழின் நீளம் அந்தத் திசையில் இருந்தால் நாள்பட்டாலும் தொங்காது. கலர் பேப்பர் இழுத்தால் குழியாது என்பதால் வேறு வழி செய்ய வேண்டும். மடித்த டவலின் மேல் இதழை வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் வட்ட வட்டமாக அழுத்தித் தேய்த்தால் கிண்ணம் போல மேலே எழும். நுனியை ஊசியிலோ ரீஃபிலிலோ சுருட்டிவிடலாம். சார்ட் பேப்பர் வேண்டாம், மடித்த இடத்தில் வெடித்து வெள்ளை தெரியும்.

ஒரு ஜெர்பராவை முழுதாகச் செய்து காட்டுகிறேன், மற்றவற்றை அதிலிருந்து நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

பழுப்போ கறுப்போ 32 எல் கோட் பட்டன் ஒன்று. பழைய வாழ்த்து அட்டையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். அதன் நடுவில் ஊசியால் இரண்டு துளை, பட்டனில் எதிரெதிர் மூலையில் இருக்கும் ஓட்டைகளின் இடைவெளியிலேயே. இரண்டடுக்குக் கிரேப்பில் நாலரை சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பதினெட்டு இதழ், நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் இன்னொரு பதினெட்டு. நுனி கூராக வேண்டாம், ஜெர்பராவின் நுனி மழுங்கலாகத்தான் இருக்கும். ஒவ்வோர் இதழையும் நடுவில் லேசாக இழுத்துக் குழித்து, அடியைக் கிள்ளி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள். இழுக்கும் அளவு ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு இதழ் கொஞ்சம் திரும்பி நின்றால் நல்லது.

அட்டையின் மேல்பக்கத்தில் நீள இதழ்களைச் சக்கரத்தின் கம்பிகளைப் போல ஒட்டுங்கள். கிள்ளிய அடி நடுத்துளைக்கு அரை சென்டிமீட்டர் வெளியே நிற்கட்டும். பதினெட்டும் ஒட்டியதும் நடு நடுவே இடைவெளி தெரியும். அதில்தான் இரண்டாவது வரிசை. குட்டை இதழ் ஒவ்வொன்றும் இரண்டு நீள இதழ்களுக்கு நடுவில் உட்கார வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரக் கூடாது. அப்புறம் அந்தப் பாலம். இரண்டு சென்டிமீட்டர் உயரம், பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒற்றை அடுக்குக் கிரேப் பட்டை ஒன்றை எடுத்து, அடியில் அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு மேலே முழுவதும் நெருக்கமாகக் கத்தரியுங்கள், சீப்புப் பல் மாதிரி. அடியைச் சுருக்கிச் சுருக்கி, நடுத்துளைகளைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வருமாறு ஒட்டுங்கள். இழைகள் எல்லாப் பக்கமும் வெளியே பார்த்துப் படுத்திருக்கும்.

கடைசியில்தான் பட்டன். 24 கேஜ் கம்பி, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், முப்பது சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பாசிமணியைக் கோர்த்து, கம்பியை இரண்டாக மடித்து, இரண்டு முனையையும் பட்டனின் எதிரெதிர் ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்கி, அட்டையின் இரண்டு துளைகளிலும் விட்டு வெளியே எடுங்கள். இப்போது பட்டன் இழைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அட்டைக்குப் பின்னால் கம்பியைக் குறடால் இழுத்துப் பிடித்து முறுக்குங்கள். முறுக்க முறுக்கப் பட்டன் கீழே இறங்கி, இழை, இதழ், அட்டை எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இரண்டு துணியைச் சேர்த்துப் பிடிப்பதுதானே பட்டனின் வேலை, அதையே இங்கேயும் செய்கிறது. பட்டனைச் சுற்றி வெளியே எட்டிப் பார்க்கும் இழைகளை விரலால் மேலே நிமிர்த்திவிட்டால் பட்டனின் ஓரம் மறைந்துவிடும்.

உங்கள் பசைக் கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. பட்டனுக்குப் பசை வேண்டாம். வெள்ளைப் பசை காகிதம், மரம், துணிக்குள் ஊறிப் பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஊற வழியில்லை, அதனால் காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். க்ளூ கன் உடனே பிடிக்கும், ஆனால் பளபளப்பான பட்டனில் அந்தப் பிடி நிலையானதல்ல. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் இளகியும் போகும். பட்டனில் ஓட்டை இருக்கும்போது ஒட்டுவானேன்? க்ளூ கன்னை அட்டைக்கும் தண்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரேப் பேப்பரின் மேல் நேராக வைத்தால் கட்டி தட்டும், மறுபக்கம் கறையாகத் தெரியும்.

தண்டுக்கு 18 கேஜ் கம்பி, முப்பது சென்டிமீட்டர். மேல் நுனியைக் குறடால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருளாகச் சுருட்டி, அந்தச் சுருள் படுக்கையாக இருக்கும்படி வளைத்து, அட்டையின் அடியில் க்ளூ கன்னால் ஒட்டுங்கள். பட்டனிலிருந்து வரும் மெல்லிய கம்பி முனைகளைத் தண்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். கோட் பட்டனுக்கு எடை உண்டு, இந்தச் சுருள் இல்லாவிட்டால் பூ தலையைத் தொங்கப்போட்டுவிடும். நிஜ ஜெர்பராவுக்கும் கழுத்து பலவீனம்தான், அதனால்தான் பூ அலங்காரம் செய்பவர்கள் அதன் தண்டில் கம்பியோ பிளாஸ்டிக் குழாயோ கொடுத்து நிறுத்துகிறார்கள். பிறகு டிஷ்யூ பேப்பரைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றித் தண்டைப் பருமனாக்குங்கள். கம்பி கம்பியாகவே தெரியும் பூதான் காகிதப் பூக்களில் பெரும்பான்மை, அதை மறைக்க இந்தச் சின்ன வேலை போதும்.

மேலே பச்சை டேப். ஸ்டாக்கிங் துணியில் பூ செய்பவர்களுக்கென்று கைவினைக் கடையில் விற்பதுதான். கையில் எடுத்தால் ஒட்டாது, இழுத்தால்தான் அதிலிருக்கும் மெழுகு வெளியே வந்து ஒட்டும். பலர் இதை இழுக்காமல் சுற்றிவிட்டு டேப் சரியில்லை என்பார்கள். ஒரு கையில் தண்டை உருட்டிக்கொண்டே மறு கையில் டேப்பைக் கீழ்நோக்கிச் சாய்வாக இழுத்துப் பிடித்தால் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கு முன், அட்டையின் அடிப்பக்கம் தெரியாமல் இருக்கப் பச்சைக் கிரேப்பில் கூரான பற்கள் வெட்டிச் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஜெர்பராவின் பூத்தண்டில் இலை கிடையாது, அந்த வேலை உங்களுக்கு மிச்சம்.

காஸ்மாஸுக்கு நூல் நூலான இலை, பச்சைக் கிரேப்பை மெல்லிசாகக் கத்தரித்து முறுக்கினால் ஆயிற்று. சூரியகாந்திக்கு அகல இலை வேண்டும், அதற்கு ஓர் அருமையான முறை இருக்கிறது. கோடுகள் நேராக நிற்கும்படி கிரேப்பில் ஒரு சதுரம் வெட்டி, அதை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒன்றை மட்டும் குப்புறப் புரட்டி, நீளப் பக்கத்தோடு நீளப் பக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துக் கோடுகளும் நடுவில் சாய்வாக வந்து சேரும், இலையின் பக்க நரம்புகள் ஓடும் அதே விதத்தில். கோடுகள் சேர்வது சரியா என்று பார்த்துவிட்டு, நடுவில் டேப் சுற்றிய ஒரு மெல்லிய கம்பியை வைத்து ஒட்டி, காய்ந்ததும் இலை வடிவத்தில் வெட்டுங்கள். கிரேப் பேப்பரின் சுருக்கம் இவ்வளவு பொருத்தமாகப் பயன்படும் இடம் வேறு இல்லை. இதை முதலில் யார் கண்டுபிடித்தாரோ, அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

டப்பாவில் மிஞ்சும் ஜோடியில்லாத சட்டைப் பட்டன்களை வீணாக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் கம்பியை ஓர் ஓட்டையில் ஏற்றி அடுத்த ஓட்டையில் இறக்கி முறுக்கி, வேறு வேறு நீளத்தில் ஏழெட்டை ஒன்றாகக் கட்டி டேப் சுற்றுங்கள். பெரிய பூக்களுக்கு நடுவே இவற்றைச் செருகினால் கொத்து நிறைந்து தெரியும். பூக்கடையில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கொத்து ஒன்றை ரோஜாவோடு சேர்த்துக் கட்டித் தருவார்களே, அந்த வேலையைத்தான் இவை செய்யும். முத்துச் சிப்பிப் பட்டன் இருந்தால் இதற்குத்தான் வையுங்கள், மண்டப வெளிச்சத்தில் அதன் மினுக்கம் தனி. 40 எல், 24 எல், 16 எல் என்று பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக் கம்பி கோர்த்து முழுப் பட்டன் பூவும் செய்யலாம். எனக்கு அது கொத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் பிடிப்பதில்லை, கனமாகத் தெரியும்.

சின்னக் குழந்தைகள் வரும் வீட்டு விசேஷம் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தைகள் பட்டனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மேஜையில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் கொத்துகளைக் கம்பி முறுக்கியவையாக மட்டும் வையுங்கள், நீங்கள் ஏற்கெனவே பசை போட்டு ஒட்டியவற்றை உயரமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். கம்பி நுனிகளையெல்லாம் உள்ளே மடித்து டேப்புக்குள் புதைத்துவிடுங்கள்.

நாள் இருக்கிறதே என்று ரொம்ப முன்னாலேயே செய்து ஜன்னலோரம் அடுக்கி வைக்காதீர்கள். கிரேப் பேப்பரின் சிவப்பு, ரோஜா, ஊதா நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். மழைக்காலமாக இருந்தால் ஈரக்காற்றில் நீங்கள் இழுத்துக் குழித்த இதழ்கள் தளர்ந்துவிடும், விசேஷத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை கட்டைவிரலால் நீவிவிட்டால் சரியாகிவிடும். மூடிய அட்டைப் பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைப்பது வழக்கம், பேப்பர் என்றால் ராமபாணப் பூச்சி தேடிக்கொண்டு வரும்.

மண்டபத்துக்கு எடுத்துப் போவதற்குத் தெர்மாகோல் பலகை ஒன்றை அட்டைப் பெட்டியின் அடியில் பொருத்தி, தண்டுகளை அதில் குத்தி நிறுத்துங்கள், பூக்கள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு. ஜாடியில் வைக்கும்போது அடியில் மணலோ கூழாங்கல்லோ போட்டுக்கொள்ளுங்கள், பட்டன் பூவுக்கு மேல்பாரம் அதிகம், ஜாடி சாயும். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று பரிமாறுபவர்களிடமும் சொல்லி வையுங்கள். நிஜப் பூ என்று நினைத்து யாராவது ஊற்றிவிட்டால் சாயம் மேஜை விரிப்பில் இறங்கிவிடும்.